காந்தம் ஒட்டாத இடம்

பழைய கார் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கும் சின்னக் காந்தமே போதும். பெயின்ட் கீறாதபடி அதை மெல்லிய துணியில் சுற்றி, காரின் உடம்பில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, கதவின் அடி விளிம்பு, பின்சக்கரத்தின் வளைவு என்று வரிசையாகப் பாருங்கள். இரும்புத் தகடு இருக்கும் இடமெல்லாம் காந்தம் கவ்விப் பிடிக்கும். ஓரிடத்தில் பிடி விட்டுக் கையோடு வந்துவிட்டால், அங்கே தகட்டுக்கு மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள், அல்லது தகடே இல்லை. துரு தின்ற ஓட்டையைப் பட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி குறுக்கே வந்தாலே அதன் பிடி தளர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனி உணர்ந்துகொள்ளும்.

நாம் காந்தத்தோடு சுற்றிப் பார்க்கப்போவது 1977ஆம் ஆண்டு மாடல் பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் காரை. கருப்பு உடம்பு, பொன்னிறக் கோடுகள், பானெட் முழுக்கச் சிறகு விரித்த நெருப்புப் பறவை. ஐந்து மீட்டர் நீளம். ஆனால் கதவுகள் இரண்டுதான். பின்பக்கம் சரிந்திறங்கும் கூரையும் இரண்டு கதவும் கொண்ட இந்த வடிவத்தைக் கூபே என்பார்கள். 1977 மே மாதம் வெளியான 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படத்தில் பர்ட் ரெனால்ட்ஸ் ஓட்டியது இந்தக் காரைத்தான். 1976இல் ஏறத்தாழ 47 ஆயிரம் டிரான்ஸ் ஆம்கள் தயாராயின. 1979இல் அந்த எண்ணிக்கை 1,17,000ஐத் தாண்டியது. அந்தப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று அமெரிக்காவில் இந்தக் காரைத் தேடித் தேடி வாங்குகிறது.

அழகுக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பால்ய நினைவுக்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் காரின் மேல் உள்ள ஆர்வத்துக்குக் காரணம் வேறு. எழுபதுகளில் அமெரிக்காவின் பெட்ரோல் மாறியது, காற்றைப் பற்றிய சட்டம் மாறியது, பிளாஸ்டிக் மாறியது, குதிரைத் திறனை அளக்கும் முறைகூட மாறியது. அந்த மாற்றம் ஒவ்வொன்றும் இந்தக் காரின் ஏதாவது ஒரு பாகத்தில் பதிந்து கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு இது ஐந்து மீட்டர் நீளமுள்ள வேதியியல் புத்தகம்.

துரு எப்படி வேலை செய்கிறது

முதல் அத்தியாயம் துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகடு வழியாகவே ஓடிப்போய் இன்னொரு புள்ளியில் ஆக்சிஜனோடு சேர்கின்றன. சுற்று முழுமை பெற வேண்டுமானால் நீரின் வழியாக அயனிகள் நகர வேண்டும். தூய நீரில் அது மந்தமாக நடக்கும். நீரில் உப்பு கலந்துவிட்டால் விரைவாக நடக்கும்.

அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கும் மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புச் சேறு சக்கரங்களிலிருந்து தெறித்து, தகடுகள் மடிந்து சேரும் இடுக்குகளில் போய் உட்காருகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுக்கமான தோல்போல நின்று உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படிப்பட்டதில்லை. அது நுண்துளைகள் நிறைந்தது. தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்வது. அதனால்தான் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே பட்டாணி அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும் என்று பழகிய டிங்கர்கள் கணக்குப் போடுவது இதனால்தான்.

இந்தக் காரில் துரு விரும்பித் தங்கும் இடங்கள் சில உண்டு. பின்கண்ணாடியின் கீழ் மூலைகள் முதலாவது. அலங்காரப் பட்டைக்குக் கீழே தேங்கும் நீர், தகட்டைத் தின்று டிக்கிக்குள் இறங்கும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இலைச்சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும்; அங்கே ஓட்டை விழுந்தால் மழைநீர் கால்மிதியில் வந்து சேரும். கூரையில் கழற்றி மாட்டும்படியான இரண்டு கண்ணாடிப் பலகைகள் உள்ள கார் என்றால், அவற்றின் ரப்பர் விளிம்பு சுருங்கி ஒழுகத் தொடங்கியிருக்கும். அதனால் விற்பவரின் அனுமதியோடு தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் இந்தக் காரில் தனித் துண்டு. ரப்பர் திண்டுகள் வைத்து உடம்போடு போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். அந்த இணைப்பிடங்கள் துருப்பிடித்திருந்தால் கதவு இடைவெளிகள் கோணலாகத் தெரியும். நீளமான கதவுகளின் கனத்தில் கீல் ஊசிகளும் தேய்ந்துபோகும். கதவைத் திறந்ததும் அது சற்றுக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. காரின் முன்மூக்கில் காந்தம் ஒட்டாது. அங்கே யாரும் பட்டி பூசி ஏமாற்றவில்லை. அந்த மூக்கு வார்க்கப்பட்டதே பாலியூரித்தேனில்தான். எழுபதுகளில் வந்த சட்டம், மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்குகளுக்குச் சேதம் வராத பம்பர் வேண்டும் என்றது. மற்ற நிறுவனங்கள் பல, கனமான குரோமிய உத்திரங்களைக் காரின் முன்னால் நீட்டின. பான்டியாக் பொறியாளர்கள் வளைந்து திரும்பும் மூக்கைச் செய்து காரின் வடிவத்தைக் காப்பாற்றினார்கள்.

அரிசோனா போன்ற பாலைவன மாநிலத்துக் கார் என்றால் தகடு சுத்தமாக இருக்கும். ஆனால் அங்கே சூரியன் வேறொரு வேலையைச் செய்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாத, தகடு நன்றாக உள்ள கார் ஒன்று; எஞ்சின் பாடும், தகடு அரித்த கார் ஒன்று. இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் முதல் காரை வாங்குங்கள். எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய நல்ல பட்டறை ஒன்று போதும். துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைக்க நூற்றுக்கணக்கான மணிநேரக் கைவேலை வேண்டும். அதற்கான கூலி காரின் விலையையே தாண்டிப் போகும்.

பதின்மூன்று எழுத்துகள்

அடுத்து, ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில் டேஷ்போர்டின் மேல் பதித்திருக்கும் சிறு உலோகத் தகட்டைப் படியுங்கள். 1981 மாடல் முதல் அமெரிக்கக் கார்களின் அடையாள எண்ணில் 17 எழுத்துகள். அதற்கு முந்தைய இந்தக் காரில் 13. அது 2டபிள்யூ87இசட்7என் என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வரும் 2 பான்டியாக்கைக் குறிக்கும். டபிள்யூ என்றால் டிரான்ஸ் ஆம். 87 என்பது இரண்டு கதவு கூபே உடம்பு. அதன் பிறகு வரும் எழுத்து எஞ்சின். அடுத்த 7 மாடல் ஆண்டு. என் என்றால் ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலை. அந்த இடத்தில் எல் இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலை. மீதி ஆறு இலக்கமும் வரிசை எண்.

நடுவில் உள்ள எஞ்சின் எழுத்தில்தான் பணம் இருக்கிறது. அந்த ஆண்டில் டிரான்ஸ் ஆம்களுக்குள் இரண்டு வெவ்வேறு குடும்பத்து எஞ்சின்கள் வந்தன. ஒன்று பான்டியாக் தானே செய்த 400 கன அங்குல வி8, அதற்கு இசட். மற்றொன்று சகோதர நிறுவனமான ஓல்ட்ஸ்மொபில் செய்த 403 கன அங்குல வி8, அதற்கு கே. லிட்டர் கணக்கில் இரண்டுமே 6.6. கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்கு ஓல்ட்ஸ்மொபில் எஞ்சின் ஒத்துவந்ததால் அங்கே விற்ற கார்களுக்கு அது போனது. பானெட்டுக்கு வெளியே தலைநீட்டும் காற்றுமூடியின் பக்கவாட்டில் 'டி/ஏ 6.6' என்று எழுதியிருந்தால் 200 குதிரைத் திறன் கொண்ட உயர்ரகப் பான்டியாக் எஞ்சின். வெறும் '6.6 லிட்டர்' என்றால் மற்றவை. இன்று வாங்குவோர் தேடுவது முதல் வகையை.

ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். கருப்புப் பெயின்ட்டும் பொன்னிறப் பறவையும் கடையில் கிடைக்கும். சாதாரண ஃபயர்பேர்டை விலையுயர்ந்த டிரான்ஸ் ஆம் ஆக்கி விற்பது கடினமான காரியம் இல்லை. அதனால் எஞ்சின் கட்டையில் பொறித்துள்ள எண் டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது போட்ட பில்லின் நகலைத் தருகிறது. எந்த நிறம், எந்த எஞ்சின், எந்தக் கூடுதல் வசதி, எந்த விற்பனையாளருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். வாயால் சொல்லும் வரலாற்றைவிட அந்த ஒற்றைக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

குதிரைகள் எங்கே போயின?

1970 டிரான்ஸ் ஆமின் அடிப்படை எஞ்சின் 345 குதிரைத் திறன் என்று விளம்பரம் சொன்னது. ஏழு ஆண்டு கழித்து வந்த காரில், அதே 400 கன அங்குல எஞ்சினின் உயர்ரகம் 200தான். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் சுமார் 820 சிசி. மாருதி 800 காரின் மொத்த எஞ்சினே 796 சிசிதான். அப்படிப்பட்ட எட்டு பெரிய சிலிண்டர்கள் சேர்ந்து 200தானா என்று அன்று அமெரிக்காவில் கேலி செய்தார்கள். இன்றும் எழுபதுகளின் பிற்பகுதிக் கார்களைக் குறைத்துப் பேச இந்த எண்ணைத்தான் நீட்டுகிறார்கள்.

இழப்பில் ஒரு பங்கு வெறும் காகித இழப்பு. 1971 வரை எஞ்சினைத் தனியே மேடையில் நிறுத்தி, காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதையும் மாட்டாமல் சுழலவிட்டு அளந்தார்கள். அது மொத்தத் திறன். 1972 முதல், காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். அது நிகரத் திறன். 1971இல் டிரான்ஸ் ஆமில் வந்த 455 கன அங்குல எஞ்சினை 335 என்று விற்றார்கள். அடுத்த ஆண்டு ஏறக்குறைய அதே எஞ்சின் 300 ஆனது. எஞ்சின் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

மீதி இழப்பு உண்மையானது. அதற்கு முக்கியக் காரணம் அழுத்த விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தை, அது மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அந்த விகிதம். 1970 எஞ்சினில் அது 10க்கும் மேல், 1977இல் 8. கலவையை எவ்வளவு நெருக்கிப் பிடித்து எரிக்கிறோமோ, எரிந்த வாயு அவ்வளவு தூரம் விரிந்து அவ்வளவு வேலை செய்யும். பாடப்புத்தகத்து இலட்சிய எஞ்சினில் 10.5 விகிதம் வெப்பத்தில் 61 சதவீதத்தை வேலையாக மாற்றும். 8 விகிதம் 56 சதவீதத்தை மாற்றும். உண்மை எஞ்சின்களில் இரண்டுமே இதைவிட மிகக் குறைவு, ஆனால் வித்தியாசம் நிற்கிறது. பிறகு ஏன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் அழுத்தத்தைத் தாங்களே குறைத்தார்கள்? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இன்னும் ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஈயத்தின் வரவும் செலவும்

பெட்ரோல் கலவையை அதிகமாக அழுத்தினால், ஸ்பார்க் பிளக் பொறி கொளுத்திய நெருப்பு வந்து சேர்வதற்குள் மூலையில் உள்ள கலவை தானே வெடித்துவிடும். எஞ்சினில் சுத்தியலால் தட்டுவதுபோன்ற ஓசை வரும். இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். 1921 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில், தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சில துளிகள் கலந்து பார்த்தார்கள். ஓசை நின்றுவிட்டது. சூட்டில் அந்தச் சேர்மம் பிரிந்து உண்டாகும் ஈய ஆக்சைடுத் துகள்கள், முன்கூட்டியே வெடிக்கத் தூண்டும் சங்கிலிவினையை அறுத்துவிடுகின்றன.

ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரியும். 1924இல் நியூ ஜெர்சியில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். இருந்தும் அது பெட்ரோலில் கலந்தது. உலகம் முழுவதும் பரவியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்க எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏறிக்கொண்டே போனதற்குத் துணைநின்றது ஈயம்தான். ஒவ்வொரு காரின் புகையிலும் ஈயத்தூள் வெளியே வந்து தெருவில் படிந்தது; குழந்தைகளின் மூச்சிலும் விரலிலும் ஏறியது. வளரும் மூளைக்கு அதைவிடக் கெடுதலான பொருள்கள் குறைவு.

1970 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தானது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது அது. அதற்குக் கிடைத்த வழி வினையூக்கி. புகைக்குழாயின் நடுவே ஒரு உலோகப் பெட்டி; அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் மெல்லியதாகப் பூசிய சிறு மணிகள். சூடான புகை அவற்றின் மேல் படர்ந்து செல்லும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். பிளாட்டினம் செலவாகாது, வினை நடக்க இடம் மட்டும் கொடுக்கும். அந்த இடத்தை ஈயம் வந்து மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது. வினையூக்கியும் ஈயமும் ஒரே காரில் வாழ முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக அப்போது இருந்தவர் எட் கோல், அடிப்படையில் ஒரு பொறியாளர். பெட்ரோலிலிருந்து ஈயம் போக வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். ஈயத்தைக் கொண்டுவந்த அதே நிறுவனம் அதை வெளியேற்றவும் வழி செய்தது. 1971 மாடல்களிலேயே அழுத்த விகிதத்தை இறக்கினார்கள். ஈயமில்லாத பெட்ரோலிலும் நாக்கிங் இல்லாமல் ஓடவேண்டும் என்பது நோக்கம். வால்வுகள் உட்காரும் விளிம்புகளுக்கு ஈயப் படிவு ஒரு மெத்தையாக இருந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது இல்லாமல் போகும் என்பதால் அந்த விளிம்புகளைச் சூடேற்றிக் கடினமாக்கினார்கள். 1974 ஜூலை முதல் பெரிய பெட்ரோல் நிலையங்கள் ஈயமில்லாத பெட்ரோல் விற்றாக வேண்டும் என்று விதி வந்தது. 1975 மாடல்களில் வினையூக்கிப் பெட்டி வந்தது. டிரான்ஸ் ஆமின் பின்னால் இரண்டு புகைக்குழாய்கள் தெரியும். கீழே குனிந்து பார்த்தால் எஞ்சினிலிருந்து வரும் இரண்டும் நடுவில் ஒரே வினையூக்கியில் சேர்ந்து, பிறகு பிரிகின்றன. மூச்சு அங்கே கொஞ்சம் அடைபடும். காணாமல் போன குதிரைகளில் சில அந்தப் பெட்டியில் இருக்கின்றன.

இதற்கிடையே டிரான்ஸ் ஆம் செத்தே போயிருக்கும். 1972இல் நார்வுட் தொழிற்சாலையில் 174 நாள் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு தயாரான டிரான்ஸ் ஆம்கள் 1,286 மட்டுமே. பாதியில் நின்ற உடம்புகள், அடுத்த ஆண்டுக்கான பம்பர் விதிக்குப் பொருந்தாததால் பழைய இரும்புக்குப் போயின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. போட்டியாக நின்ற டாட்ஜ் சேலஞ்சரும் பிளைமவுத் பாரகுடாவும் 1974உடன் விடைபெற்றன. ஃபயர்பேர்ட் தாக்குப்பிடித்தது. வேகம் குறைந்த ஒரு காரை மக்கள் முன்னைவிடப் பல மடங்கு அதிகமாக வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கியாயிற்று. இனி இந்தக் காரை வைத்துக்கொள்வது, மெதுவாக நடக்கும் பல வேதிவினைகளுக்குக் காவல் இருப்பது போன்றது.

டேஷ்போர்டிலிருந்து தொடங்கலாம். அது வினைல் பிளாஸ்டிக். வினைல் இயல்பில் குழாய்போல விறைப்பானது. மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருள்களைக் கலந்துதான் தோல்போல வளையவைக்கிறார்கள். அந்தப் பொருள்கள் பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடுவதில்லை, இடையிடையே தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். வெயிலில் சூடேறச் சூடேற ஆவியாகி வெளியேறும். புதுக் காரின் வாசனையில் இத்தகைய ஆவிகளும் உண்டு; முன்கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலான படலத்திலும் அவை உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டில் மென்மை முழுக்கப் போய், டேஷ்போர்டு வறண்ட குளம்போல வெடிக்கிறது. பாலைவனத்துக் காரில் தகடு பிழைத்திருக்க, உள்ளலங்காரம் செத்திருப்பது இதனால்தான். வெயிலில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் மூடிவையுங்கள்.

எஞ்சின் எண்ணெய் அடுத்தது. இந்த எஞ்சினில் கேம் என்னும் முட்டை வடிவ உலோகம், தட்டையான அடி கொண்ட லிஃப்டரின் மேல் உரசிச் சுழல்கிறது. இரண்டும் தொடும் கோட்டில் அழுத்தம் மிக அதிகம். எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் அந்தச் சூட்டில் கண்ணாடிபோன்ற மெல்லிய படலத்தைப் பூசி உலோகத்தைக் காக்கிறது. ஆனால் பாஸ்பரஸும் வினையூக்கியைக் கெடுக்கும். அதனால் புதுக் கார்களுக்கான எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். புதுக் கார்களில் உருளை வைத்த லிஃப்டர்கள் என்பதால் அவற்றுக்குக் கவலையில்லை. உங்கள் காருக்கு, பழைய எஞ்சின்களுக்கென்றே துத்தநாகம் கூட்டி விற்கும் எண்ணெயை வாங்கி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கேம் தேய்ந்து வட்டமாகும்.

மூன்றாவது பெட்ரோல். இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து வீங்கச்செய்யும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கார் மாதக்கணக்கில் நின்றால் ஈரம் மிகுந்து, நீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியே பிரிந்துவிடும். இந்தக் காரின் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் நான்கு காற்றுவழிகள். சாதாரணமாகப் போகும்போது இரண்டு சிறிய வழிகள் மட்டும் திறந்திருந்து பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பின்னால் உள்ள இரண்டு பெரிய வழிகளும் திறக்கும். அந்தக் கணத்தில் பானெட்டுக்கு மேல் நிற்கும் காற்றுமூடி நடுங்க, எஞ்சின் ஆழமாக ஒரு மூச்சு இழுப்பது காதில் விழும். இத்தனை நுட்பமான அந்தக் கருவியின் துளைகளைக் கெட்டுப்போன பெட்ரோல் பிசின்போல அடைத்துவிடும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்; பழைய பெட்ரோலோடு காரைத் தூங்கவிடாதீர்கள்.

டயரின் பூ ஆழமாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து விறைக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அங்கே மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது. அதன்மேல் ஓட்டி வீடு வர நினைக்காதீர்கள். பிரேக் எண்ணெயும் ஈரம் குடிக்கும். ஈரம் கூடினால் அதன் கொதிநிலை இறங்கி, மலைச்சரிவில் பிரேக் மிதி தொய்ந்துபோகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். செலவு அதிகம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து ஓட்டுவதுதான். வாரத்துக்கு ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகும், சீல்கள் நனைந்திருக்கும், பேட்டரி ஏறும். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் கிடைக்கும். அந்தச் செலவு, ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தியதால் வரும் செலவைவிடக் குறைவு.

பெட்ரோல் மூடிக்குப் பின்னால்

நான் இந்தக் காரை வாங்குபவருக்குக் காட்ட விரும்பும் கடைசி இடம் பின்புறத்து நம்பர் பிளேட். அதைக் கீழே மடக்கினால் பெட்ரோல் ஊற்றும் வாய் தெரியும். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே ஒரு குறுகிய துளை, அதன் பின்னால் ஸ்பிரிங் வைத்த சிறு தகடு. ஈயமில்லாத பெட்ரோலின் குழாய்முனை 21.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஈயம் கலந்ததின் முனை 23.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருந்தது. பெரிய முனை இந்தத் துளைக்குள் நுழையாது. ஒரு நாட்டின் காற்றைக் காக்க, இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் அகல வித்தியாசத்தைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

பல கார்களில் இந்தத் துளையை யாரோ உளியால் தட்டிப் பெரிதாக்கியிருப்பார்கள். ஈயப் பெட்ரோல் விலை குறைவாகக் கிடைத்த காலத்தில் செய்த வேலை. வினையூக்கிப் பெட்டியையும் கழற்றி எறிந்திருப்பார்கள், சில குதிரைகளைத் திரும்பப் பெற. நீங்கள் பார்க்கும் காரில் அந்தத் துளை சேதமில்லாமல் இருந்தால், முந்தைய உரிமையாளர் காரை ஒழுங்காக வைத்திருந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கேலி செய்யப்பட்ட அந்த 200 குதிரைத் திறனைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. 1976 முதல் 1980 வரை அமெரிக்க அரசு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மக்களின் ரத்தத்தைச் சோதித்தது. அந்த நான்கே ஆண்டுகளில் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் சராசரி சுமார் 37 சதவீதம் இறங்கியிருந்தது. பெட்ரோலில் விற்ற ஈயத்தின் அளவு இறங்கிய அதே பாதையில் அதுவும் இறங்கியது. நார்வுட்டிலிருந்து ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் உள்ள டேட்டனில் தொடங்கிய தவறு, டிரான்ஸ் ஆம்கள் அதிகமாக விற்ற அதே ஆண்டுகளில் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

நார்வுட் தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டது. பான்டியாக் என்ற பெயரும் 2010உடன் மறைந்தது. கார்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றை வாங்க உங்களுக்கு வாய்த்தால் காந்தத்தோடு போங்கள், எண்ணைப் படியுங்கள், நம்பர் பிளேட்டை மடக்கிப் பாருங்கள். வாங்கிய பிறகு, பறவையைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறுகிய துளையையும் காட்டுங்கள்.